மூன்றாம் நாளில் நின்றுபோகும் கருக்கள்

மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில், உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் கருக்களை வளர்த்துக் கவனிக்கும் எம்ப்ரியாலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்த வேலையில் மிகக் கனமான நேரம் எது என்று கேட்டால், முட்டை எடுக்கும் நாளையோ, கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் நாளையோ சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் காலைதான். இன்குபேட்டரிலிருந்து டிஷ்ஷை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். எட்டு செல்லாகியிருக்க வேண்டிய கரு, முந்தின நாள் பார்த்த அதே நான்கு செல்லோடு நிற்கிறது. மதியத்துக்குள் அந்தத் தம்பதிக்கு யாராவது போன் செய்தாக வேண்டும்.

உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கை, பரமக்குடி என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். நகையை அடகு வைத்து வந்தவர்கள் நிறைய. விஷயத்தைச் சொன்னதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "நாங்க என்ன மேடம் தப்பு பண்ணோம்?" மாடிப்படி ஏறினது, மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் குலுங்கிப் போனது, ஒரு நாள் ராத்திரி தூங்காமல் அழுதது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கரு எங்கள் டிஷ்ஷில் இருக்கிறது, அவர் பஸ்ஸில் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கேட்பது அந்தப் பெண்தான், எப்போதும்.

கரு நின்றுவிட்டால் நாங்கள் முதலில் எங்கள் பக்கத்தைத்தான் சோதிப்போம். இன்குபேட்டர் 37 டிகிரியில் இருந்ததா, கார்பன் டை ஆக்சைடு 6 சதவீதத்திலும் ஆக்சிஜன் 5 சதவீதத்திலும் நின்றதா, ராத்திரி கரண்ட் போனபோது ஏதாவது அலாரம் பதிவானதா. காற்றில் கலக்கும் வாசனைப் பொருட்கள் கருவுக்கு ஆகாது என்பதால் சென்ட், பவுடர் எதுவும் போடுவதில்லை. மதுரை மல்லியைத் தலையில் வைத்து வரும் பெண்கள் அதை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எல்லாம் சரியாக இருந்து, அதே இன்குபேட்டரில் இன்னொரு தம்பதியின் கரு எட்டு செல்லோடு அழகாக இருந்தால், காரணத்தை முட்டைக்குள்ளும் விந்தணுவுக்குள்ளும்தான் தேட வேண்டும்.

விந்தணு உள்ளே போனவுடன் அம்மா, அப்பா இருவரின் மரபணுக்களும் வேலையைத் தொடங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனிதக் கருவில் அதன் சொந்த மரபணுக்கள் பெரிய அளவில் விழிப்பது நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடையில். 1988இல் பீட்டர் பிரௌடும் அவருடைய சகாக்களும் இதைக் காட்டினார்கள். மரபணு படிக்கப்படுவதைத் தடுக்கும் ஆல்ஃபா அமானிட்டின் என்ற காளான் நஞ்சைக் கொடுத்தாலும் கரு அந்தக் கட்டம் வரை பிளந்துகொண்டே வருகிறது. எலியில் இந்த விழிப்பு இரண்டு செல்லிலேயே நடக்கும், மாட்டில் எட்டிலிருந்து பதினாறு செல் வரை ஆகும். நாங்கள் மூன்றாம் நாள் காலை பார்ப்பது சரியாக இந்த இடத்தைத்தான்.

அதுவரை கரு எதை வைத்து ஓடுகிறது? முட்டை சூலகத்தில் வளரும்போதே தூது ஆர்.என்.ஏ.க்களை, அதாவது மரபணுவிலிருந்து நகலெடுத்த புரதச் செய்முறைக் குறிப்புகளை, எழுதிச் சேர்த்து வைக்கிறது. முழு வளர்ச்சியை நெருங்கியதும் எழுதுவதை நிறுத்திவிடுகிறது. முட்டை முதிர்வதும், கருவுற்றபின் நடக்கும் முதல் பிளவுகளும் அந்தச் சேமிப்பை நம்பித்தான்.

எங்கள் டாக்டர் இதைத் தம்பதிகளுக்குச் சொல்லும்போது, "முதல் மூணு நாள் கரு அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோத்துலதான் இருக்கும்" என்பார். நல்ல உவமைதான். ஆனால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் கேட்டார்: "அப்ப என் மருமக கட்டிக் கொடுத்தது பத்தலையாக்கும்?" அந்தப் பெண் தலை குனிந்தாள். அறிவியல் சரியாக இருந்தும் பழி அவள்மேல் போய் விழுந்துவிட்டது. சேமித்த அந்த ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து வைக்கும் புரதங்களைப் பற்றி இன்னும் விவரமாகப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

படிக்கப் படிக்க, சேமிப்பின் அளவு மட்டும் விஷயமில்லை என்று புரிந்தது. எதைத் தூங்க வைப்பது, எதை எந்த நேரத்தில் எழுப்புவது, எதை எப்போது அழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவை இந்தப் புரதங்கள். எம்.எஸ்.ஒய்.2 என்று ஒன்று, எலி முட்டையின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் அது ஒன்றே. தூது ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்துக்கொண்டு சிதையாமல் காக்கிறது. சி.பி.இ.பி.1 வேறு மாதிரி. தவளை முட்டையில் 1994இல் அடையாளம் காணப்பட்ட இந்தப் புரதம், ஆர்.என்.ஏ.வின் கடைசிப் பகுதியில் உள்ள குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். முட்டை முதிரத் தொடங்கியதும் சி.பி.இ.பி.1இல் பாஸ்பேட் ஒட்டும், ஆர்.என்.ஏ.வின் நுனியில் அடினைன் எழுத்துகளாலான வால் நீளும், அந்தக் குறிப்புப்படி புரதம் தயாராகும். பாலூட்டிகளின் முட்டையிலும் இதே ஏற்பாடு உண்டு. 2022இல் ஜெர்மனியின் ஒரு குழு, முட்டைக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களைச் சுற்றி இந்த ஆர்.என்.ஏ.க்கள் திரண்டு கிடப்பதையும், ஸார்1 என்ற புரதம்தான் அவற்றைத் திரட்டுகிறது என்பதையும் காட்டியது. மனித முட்டையிலும் அது இருக்கிறது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது அழிக்கும் வேலை. தாயின் ஆர்.என்.ஏ.க்கள் குறித்த நேரத்தில் போகாவிட்டால் கருவால் முன்னேற முடியாது. பி.டி.ஜி.4 என்ற புரதம் நேரடியாக ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதில்லை, அதன் வாலை வெட்டும் புரதக் கூட்டத்தை அழைத்து வந்து சேர்க்கிறது. அது இல்லாத எலிகளின் முட்டை முதிரும், கருவுறும், அப்புறம் ஒன்றிரண்டு செல்லில் நின்றுவிடும். பெண்களிலும் இந்த மரபணுவில் மாற்றம் இருந்து, கருவுற்ற முட்டை பிளக்காமலே போவதை 2020இல் பதிவு செய்தார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த முட்டையில் ஒரு குறையும் தெரியாது. நாங்கள் உருண்டை, நிறம், செல் எண்ணிக்கை, துணுக்குகள் என்று பார்த்து கிரேடு போடுகிறோம். அந்த கிரேடுக்கு மேல் இப்போது நான் அதிகம் பேசுவதில்லை.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நின்றுபோகும் கருக்களில் நிறைய, குரோமோசோம் பிரியும்போது வரும் தவறால் நிற்பவை. ஒற்றை மரபணுக் கோளாறு அபூர்வம். ஒரு சிகிச்சைச் சுற்றில் ஒன்றிரண்டு கரு நின்றதற்கெல்லாம் மரபணுச் சோதனை செய்யச் சொல்வது, ஏற்கெனவே கடனில் இருக்கிற குடும்பத்தின்மேல் இன்னும் பாரம் ஏற்றுவதுதான். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா முட்டையும் ஒரே இடத்தில் நின்றால் மட்டுமே அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

அப்படி ஒருவர் வந்தார். ஊரையும் மற்ற அடையாளங்களையும் மாற்றிச் சொல்கிறேன். முதல் சுற்றில் எடுத்த முட்டைகள் எல்லாமே முதிராத நிலையில் இருந்தன. முட்டை முதிர்ந்ததற்கு அடையாளமான துருவ உடல் ஒன்றில்கூட வெளிவரவில்லை. மருந்தை மாற்றி அடுத்த சுற்று போனபோதும் அதேதான். மரபணுச் சோதனையில் பேட்எல்2 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் மாற்றம் இருந்தது. முட்டைக்குள் தூது ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து வைக்கும் புரதங்களில் அதுவும் ஒன்று. அது பழுதானால் முட்டை முதிராமல் நின்றுவிடும் என்பது பெண்களில் 2017இல்தான் தெரிய வந்தது.

"அசல்லதானே கட்டிக் குடுத்தோம், பிறகு எப்படி?" என்று அவருடைய அம்மா கேட்டார். சொந்தத்தில் கட்டினால்தான் இப்படி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்கார வைத்து விளக்கினேன். மகள் யாரைக் கட்டினாள் என்பதில் இது வரவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. அவர்கள் இருவரும் அத்தை மகன், மாமன் மகள். ஒரே பிரதியில் மட்டும் மாற்றம் இருந்ததால் இருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தப் பெண்ணின் முட்டைகள் இப்படித்தான் இருக்கும் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். அவள் சாப்பிட்டதும் இல்லை, வேலைக்குப் போனதும் இல்லை. இதை மாமியாரையும் கணவரையும் எதிரில் வைத்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லியிருந்தால் வீட்டில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வேறொரு பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெறுவது பற்றியும் பேசினோம். கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்கான 2021 சட்டப்படி தானம் தருபவருக்கு 23லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். கணவர் யோசிக்க நேரம் கேட்டார்.

எழுந்து போகும்போது அந்தப் பெண் மட்டும் திரும்பி நின்றாள். "மேடம், என் தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம் பேசிக்கிட்டிருக்காங்க. அவளுக்கும் இருக்குமா?" நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொன்னேன். குடும்பத்தில் எந்த மாற்றம் என்று தெரிந்துவிட்டதால் தங்கைக்கு அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு என்றேன். ஆனால் சோதித்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும், யாரிடம் சொல்வது என்பதும் தங்கையே முடிவு செய்ய வேண்டியது, அம்மாவோ அக்காவோ இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். மரபியல் ஆலோசகரின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தங்கையே போன் செய்து நேரம் கேட்டாள்.