மூன்றாம் தடவையில் மேடான் போய்ச் சேர்ந்தேன்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்க்கிறேன். வெளியூர்க்காரர்கள் வந்து பெட்டகத்தையும் பீங்கானையும் தட்டிப் பார்க்க ஆரம்பிப்பது பதினொரு மணிக்கு மேல்தான். அதுவரை தூசி தட்டியது போக மிஞ்சும் நேரத்தையெல்லாம் கைப்பேசிதான் தின்றுகொண்டிருந்தது. தை பிறந்ததும் அதைக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினேன். நாளுக்கு 15 பக்கம் நாவல் என்று கணக்கு வைத்தேன். நான்கு மாதம் ஆகிறது. எதில் ஓடினேன், எதில் தடுக்கினேன் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் எடுத்தது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. எடுத்தது என்பதைவிட மீண்டும் எடுத்தது என்பதே சரி. ஏற்கெனவே இரண்டு முறை இதில் தோற்றிருக்கிறேன். 1942இல் ஜப்பான் படை சுமத்ராவின் மேடான் நகருக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. டச்சுத் தெருப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், சீனப் பெயர்கள் எல்லாம் சரமாரியாக வந்து விழும். கொள்ளையடித்தவர்களின் வெட்டிய தலைகளை மேசையில் அடுக்கிவைத்திருப்பதைச் சொன்ன கையோடு, ஆசிரியர் சாவகாசமாக வேறு பேச்சுக்குப் போவார். முதல் முறை நாற்பதாவது பக்கத்தில் மூடிவைத்தேன். அடுத்த முறை அறுபது வரை போனேன். கதாநாயகன் பாண்டியன் எந்த ஊரில் நிற்கிறான், எந்த ஊரை நினைத்துக்கொள்கிறான் என்பதே பிடிபடவில்லை. குற்றம் புத்தகத்தின் மேல்தான் என்று இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

இந்த முறை புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தேன். என்னிடம் இருப்பது அவருடைய இரண்டு நாவல்களும் ஒன்றாகக் கட்டிய பதிப்பு. பின்பாதியில் இருப்பது ‘கடலுக்கு அப்பால்’. அதுதான் முதலில் வெளிவந்தது, 1959இல். ‘புயலிலே ஒரு தோணி’ அச்சேற 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுதியவர் போன வரிசையிலேயே நாமும் போனால் என்ன என்று தோன்றியது. பலன் கிடைத்தது. ‘கடலுக்கு அப்பால்’ நேரான கதை. போர் முடிந்த பினாங்கு, அங்கே ஒரு வட்டிக்கடை, நேதாஜியின் படையில் இருந்துவிட்டுத் திரும்பி வரும் செல்லையா, முதலாளியின் மகள் மரகதம். துப்பாக்கி பிடித்த பையன் இனி அடங்கிக் கடை நடத்துவானா என்பதுதான் முதலாளிக்கு உறுத்தல். ஒன்பது நாளில் முடித்தேன்.

கதை நேர்தான், சொற்கள் நேரில்லை. பழைய பில் புத்தகம் ஒன்றை எடுத்து, புரியாத சொற்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். அடுத்தாள், பெட்டியடிப் பையன், கிட்டங்கி. முதலாளி வயிரமுத்துப் பிள்ளையை ஏன் ‘வானாயீனா’ என்கிறார்கள்? அகராதியைப் புரட்டிப் பயனில்லை. மாலையில் எங்கள் கடைத் திண்ணையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, மலாயாவில் அடுத்தாளாக இருந்து திரும்பியவர். பட்டியலை அவரிடம் நீட்டினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதையெல்லாம் எங்கே பிடித்தீர்கள் தம்பி?” என்று கேட்டார்.

“நாவலில் ஐயா.”

“கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்கு அடுத்தபடி அடுத்தாள். பெட்டிக்கு அடியில் உட்கார்ந்து எடுபிடி பார்க்கிற சின்னப் பையன் பெட்டியடி. கிட்டங்கி என்றால் பல கடைக்காரர்களும் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டுத் தொழில் செய்கிற இடம். ராத்திரி அங்கேயே பாய் விரித்துக்கொள்ள வேண்டியதுதான். வானாயீனா என்பது விலாசம். ஆள் பெயரைச் சொல்ல மாட்டார்கள், முதலெழுத்தைச் சொல்வார்கள். அப்பச்சி கடைசிவரை சொந்த மைத்துனரையே எழுத்தால்தான் கூப்பிட்டார்.”

பிறகு எழுந்து உள்ளே வந்து, விற்பனைக்கு வைத்திருந்த ஒரு கணக்குப்பிள்ளைப் பெட்டியைக் காலால் லேசாகத் தொட்டுக் காட்டினார். சாய்ந்த மூடி போட்ட பர்மாத் தேக்கு. உள்ளே சில்லறைக்குக் குழிகள். “இந்த மாதிரிப் பெட்டிதான். இதன் முன்னால் மூன்று வருடம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள், தெரியும்” என்றார். கணக்கு முடியும் மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் ஊர்ப்பக்கம் வர முடியும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடம் இந்தப் பெட்டிகளுக்கு மெருகெண்ணெய் போட்டிருக்கிறேன். அதன் முன்னால் உட்கார்ந்த பையனைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. மறுநாளிலிருந்து புத்தகத்தை அந்தச் சாய்ந்த மூடியின் மேல் வைத்துத்தான் படித்தேன். இடுப்பு வலித்தது. முதலாளி பார்த்துவிட்டு, விலை குறையாமல் படி என்றார்.

மாசி கடைசியில் வேகம் விழுந்தது. முத்துமாரியம்மன் கோயில் மாசிப் பங்குனித் திருவிழா நடக்கும்போது காரைக்குடியில் யாராவது நாவல் படிக்கிறார்களா என்ன? பால்குடமும் முளைப்பாரியும் முடியும்வரை பில் புத்தகம் மூடியே கிடந்தது.

பங்குனி பாதியில் மேடானுக்குப் போனேன். இந்த முறை தெரு தெருவாக நடக்க முடிந்தது. மொழி தெரியாத இடங்களை நிறுத்திக் கேட்காமல், சந்தைக் கூட்டத்தில் நடப்பதுபோல் தள்ளிக்கொண்டு போவதுதான் இந்த நாவலுக்கு வழி. ஒரு சொல் புரியாவிட்டால் நான்கு பக்கம் தள்ளி அதுவே திரும்ப வந்து தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நம் பக்கத்துக்காரர்கள் நிதானித்துப் படிக்க வேண்டியது போர்ப் பகுதிகளைவிட, பாண்டியன் தன் ஊர் சின்னமங்கலத்தை நினைக்கும் பகுதிகளை. சந்தை நாளின் இரைச்சலைக் கடலுக்கு அப்பால் உட்கார்ந்து ஒருவன் கேட்கிறான். எழுதியவர் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 18 வயதில் கப்பலேறி, மேடானில் கடை வேலைக்குப் போனவர் என்பது தெரிந்தபின் அந்தப் பக்கங்களின் ருசியே வேறு. தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போகும் வழியில் வரும் புயலை ஒரே மூச்சில் படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பினாங்கில் மதுக்கிண்ணங்களுக்கு நடுவே நடக்கும் தமிழ்ப் பெருமை விசாரணை எனக்குக் கொஞ்சம் நீளம். பெண்கள் வரும் இடங்களில் ஆசிரியரின் கை அவசரப்படுகிறது. ஆனால் நம் பழம்பெருமையை இத்தனை குறும்பாகக் குத்திக் காட்டிய நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அப்படி ஒருவர் தெருவுக்கு ஒருவராக இருந்திருந்தால் என்று நினைப்பேன். எங்கள் கடைக்கு வீட்டுச் சாமான் வரும்போது பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் எடைக்குத்தான் போகின்றன. சிங்காரத்தைப் படித்தபின் நான்கு பேரேடுகளைப் பிடிவாதமாக நிறுத்திவைத்திருக்கிறேன். முதலாளிக்குத் தெரியும், கேட்பதில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூர் வழியாகச் சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினேன். கையில் சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’ முதல் தொகுதி. டீக்கடையில் சிங்காரம் வீடு எது என்று கேட்டேன். “சேவுகப்பெருமாள் கோயிலா? நேரே போங்கள்” என்றார் டீ ஆற்றியவர். தேங்காய் நார் வாசம் அடிக்கும் தெருக்களில் அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் பிரான்மலைக்குப் போய்விட்டேன். பாரியின் பறம்பு அந்த மலைதான் என்று சொல்கிறார்கள். நாவலும் கபிலர் நீலனோடு பறம்பில் மூச்சு வாங்க ஏறுவதில்தான் தொடங்குகிறது. கொடுங்குன்றநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்து அந்த ஏற்றத்தைப் படித்ததில் ஒரு தனி லாபம். வழுக்கும் பாறையை நிமிர்ந்து பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். இது ஓட்டமாகப் படிக்க வேண்டிய கதை. நாவல் பழக்கமே இல்லாதவர்களுக்கு முதலில் இதைக் கொடுங்கள், மணியம் செல்வனின் படங்களும் இழுத்துப் பிடிக்கும். எனக்கு இரண்டாம் தொகுதி இன்னும் பாக்கி. போர் நெருங்க நெருங்க அதிசயங்கள் கூடிக்கொண்டே போவதாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அவசரமில்லை.

இப்போது கையில் இருப்பது நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’, 1968இல் வந்தது. வீட்டில் அட்டையைப் பார்த்து, செட்டிமார் கதை என்று கேள்விப்பட்டு, நம் ஊர்க் கதையா என்றார்கள். இல்லை. இது குமரி மாவட்டத்து இரணியல். அங்கேயும் ஒரு ஆச்சி இருக்கிறாள், உண்ணாமலை ஆச்சி. ஆனால் அவள் பேச்சில் மலையாளக் காற்று அடிக்கிறது. கணவன் வீட்டார் பழி சொல்லித் திருப்பி அனுப்பிய அக்காளுக்காகத் தம்பி திரவி மறுகுகிறான். 94ஆம் பக்கத்தில் இருக்கிறேன். பேச்சு வழக்குதான் கெடுபிடி, வாய்விட்டுப் படித்தால் வழிவிடுகிறது. நாகர்கோவில் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒன்றுவிட்ட தங்கையிடம் வாரம் ஒரு முறை சொற்களைக் கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசிக்குக் கல்லாவிலிருந்து அந்த ஒரு விடுதலை மட்டும் உண்டு.

சிங்காரத்தை எடுக்கப் போகிறவர்கள் பின்பாதியிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் அக்கரைச் சீமை போய்வந்த பெரியவர்களின் பிள்ளைகள் யாராவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்தக் கணக்குப்பிள்ளைப் பெட்டி விற்றுவிட்டது. சென்னையில் ஒரு வரவேற்பறைக்கு, மேலே பூச்சட்டி வைக்க. வேனில் ஏற்றும்போது பில் புத்தகத்தை மட்டும் ஞாபகமாக எடுத்துவிட்டேன். பென்சில் சில்லறைக் குழியில் கிடந்து அதோடு போய்விட்டது.