தோள் ஜவ்வு வலி: ஊசி, மெஷின், ரப்பர் பட்டை

கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள் உயரம் வரும்போது சுரீர் என்று பிடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் வலி குறைந்துவிடும். இறக்கும்போது அதே இடத்தில் மறுபடியும் பிடிக்கும். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்துக்கொண்டு, சீசன் முழுக்கத் தலைக்கு மேல் கொம்பைத் தூக்கிப் பெங்களூரா பறிக்கிறவனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பகலில்கூடச் சமாளித்துவிடலாம். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

எங்கள் ஊரில் கை, கால் என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது எலும்பு முறிவுக்குக் கட்டும் புத்தூர் கட்டு. எனக்கு எலும்பு எதுவும் முறியவில்லை என்பதால் அதற்குப் போகாமல் எலும்பு டாக்டரிடமே போனேன். சர்க்கரை இருக்கிறவன் என்பதால் தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்குமோ என்று எனக்கு ஒரு பயம். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "லூசா விடுங்க" என்று தானே மெதுவாகத் தூக்கினார். முழுக்கப் போனது. வெளிப்பக்கமாகத் திருப்பினார், அதுவும் வந்தது. "இறுகிப் போயிருந்தா நான் தூக்கினாலும் வராது. இது ஜவ்வு" என்றார். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், தோளின் மேல்பக்கத் தசையை எலும்போடு இணைக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் ஜவ்வு தடித்திருப்பதும், ஓரத்தில் சின்னக் கிழிசல் இருப்பதும் தெரிந்தது. கிழிசல் என்றதும் என் வீட்டம்மா, "ஆபரேஷனா சார்?" என்று கேட்டுவிட்டாள். அறுபது வயதுக்கு மேல் ஸ்கேன் எடுத்தால், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் கிழிசல் தெரியும் என்றார் டாக்டர். கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்புறம் என்னென்ன வழி இருக்கிறது என்று பேச்சு. வலி மாத்திரை சில நாளைக்குத்தான். வயிறு, கிட்னி இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். சில வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் போட்ட பிறகு சில நாள் சர்க்கரை எகிறியது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டு மெஷினில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடிக்கடி போட்டால் ஜவ்வே பலவீனமாகும் என்பதால் மறுபடி கேட்கவில்லை. மெஷின் வைத்து அதிர்வலையைச் செலுத்தும் ஷாக்வேவ் பற்றிக் கேட்டேன். ஜவ்வில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்குத்தான் அது ஓரளவு கைகொடுக்கும், உங்களுக்குப் படிவு இல்லை என்று சொல்லிவிட்டார். நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட்டைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியில் பலன் கண்டவர்களும் உண்டு, காணாதவர்களும் உண்டு. பல ஆயிரம் செலவழித்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பிசியோதெரபியில் முதலில் போன இடத்தில் ஒத்தடம், கரண்ட் மெஷின், அனுப்பிவிடுவார்கள். இதமாக இருக்கும், பஸ் ஏறுவதற்குள் பழையபடி ஆகிவிடும். இரண்டாவதாகப் பார்த்த பெண் மெஷின் பக்கமே போகவில்லை. விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் மடித்த துண்டை வைத்தார். முழங்கையை மடக்கியபடி, புறங்கையைக் கதவு நிலையில் வைத்து அழுத்தச் சொன்னார். கை நகரக் கூடாது, அழுத்தம் மட்டும். முப்பது எண்ணும் வரை, ஐந்து தடவை. அது பழகியதும் ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது. பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, மெதுவாக இறக்குவது. "வலிச்சா நிறுத்திடணுமா மேடம்?" என்றேன். "பத்துக்கு நாலு வரைக்கும் வலிக்கட்டும் சார். மறுநாள் காலைல பழைய அளவுக்கு வந்துட்டா சரி. ஏறியிருந்தா பாதியா குறைங்க." இந்த ஒரு கணக்கு கையில் இருந்ததால்தான் நடுவில் விடாமல் செய்ய முடிந்தது.

வீட்டில் செய்தால் போதுமா என்று சந்தேகம் இருந்தது. ஓசூரில் நர்ஸாக இருக்கும் மகள்தான் பிரிட்டனில் நடந்த கிராஸ்ப் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 708 பேரை வைத்துச் செய்தது, 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிசியோவிடம் ஆறு தடவை வரை போனவர்களும், ஒரே தடவை போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களும் ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஒரே நிலைக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசியின் பலனும் எட்டாவது வாரத்தில் கொஞ்சம் தெரிந்து, பிறகு காணாமல் போயிருக்கிறது. அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ தினமும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தர்மபுரிக்கு வர முடியாதவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சொல்லிக்கொடுப்பவர் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும் என்றார்கள். எனக்கு அதற்கும் மேலே ஆனது. முதலில் தூக்கம் திரும்பியது. வலிக்காத பக்கம் படுத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு அதன் மேல் கையைப் போட்டதும் உதவியது. சட்டை மாட்டுவது, பரண் மேலிருந்து பாத்திரம் எடுப்பது எல்லாம் இப்போது சாதாரணம். கொம்பு மட்டும் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. பட்டை இழுப்பது வாரத்தில் மூன்று நாள் தொடர்கிறது.

ஒன்று மட்டும். கீழே விழுந்தோ, பாரம் தூக்கியோ திடீரென்று கையையே தூக்க முடியாமல் போனால் பட்டை, பாட்டில் என்று நாளைக் கடத்தாதீர்கள். அது முழுக் கிழிசலாக இருக்கலாம். உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.