வரையறையிலிருந்து ஓடும் நிரல் வரை: நெறிமுறைத் திட்டப்பணி எடுப்பவர்களுக்கு

தகவல்தொடர்பு நெறிமுறை (புரோட்டோகால்) ஒன்றை முறைசார் மொழியில், அதாவது பொருள் மயக்கத்துக்கு இடமில்லாத கணித வடிவில் எழுதி, அதிலிருந்தே ஓடக்கூடிய முன்மாதிரி நிரலை உருவாக்குவதை முதுகலைத் திட்டப்பணியாக எடுக்கலாமா என்று மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துத் தம்பி தங்கைகள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். தாராளமாக எடுக்கலாம், ஆனால் இணையத்தில் தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை வேண்டாம். 1981-இல் வெளியான அதன் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 793-இல் உள்ள 11 நிலைகள் கொண்ட படம் எளிதாகத் தோன்றினாலும், விதிகளில் பெரும்பகுதி உரைநடையில்தான் இருக்கிறது. அதை முறைசார் வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும். 1969-இல் முன்வைக்கப்பட்ட மாறுபிட் நெறிமுறையே போதும். 0, 1 என்ற ஒற்றை பிட்டை வரிசை எண்ணாக வைத்துக்கொண்டு, ஒப்புகை (கிடைத்தது என்ற பதில்) வந்த பிறகே அடுத்த செய்தியை அனுப்பும் சிறிய நெறிமுறை அது.

நெறிமுறைகளை எழுதும் முறைசார் மொழிகளில் எஸ்டெல், லோட்டாஸ் இரண்டும் 1989-இல் ஐஎஸ்ஓ தரங்களாயின. நிலைமாற்றங்களை அடிப்படையாகக் கொண்ட எஸ்டெல், எஸ்டிஎல் போன்ற மொழிகளிலிருந்து நிரல் பெறுவது, செயல்முறை இயற்கணிதத்தைச் (இணையாக ஓடும் செயல்முறைகளை இயற்கணிதக் கோவைகளாக எழுதும் முறை) சார்ந்த லோட்டாஸிலிருந்து பெறுவதைவிட எளிது. இன்று இலவசமாகக் கைக்குக் கிடைப்பது ஸ்பின் என்ற சரிபார்ப்புக் கருவி. அதில் ஓர் எச்சரிக்கை உண்டு: அதன் மொழியான ப்ரொமேலாவில் எழுதிய வரையறையிலிருந்து ஸ்பின் உருவாக்கித் தரும் 'பான்.சி' என்ற நிரல், வரையறையில் பிழை உண்டா என்று தேடும் சரிபார்ப்பி மட்டுமே. அதை முன்மாதிரி என்று வைவாவில் காட்டினால் தேர்வாளர் விடமாட்டார். ஆகவே, நிலை, நிகழ்வு, செயல், அடுத்த நிலை என்ற அட்டவணையைப் படித்து சி நிரல் எழுதித் தரும் சிறு கருவியை நீங்களே எழுதுங்கள்.

அந்தக் கருவியை எழுதும்போதுதான், வரையறை சொல்லாமல் விட்டவை வெளியே வரும். ப்ரொமேலாவில் 'டைம்அவுட்' என்பது கடிகாரம் அல்ல. அமைப்பில் வேறு எந்தக் கூற்றும் இயங்க முடியாதபோது மட்டும் உண்மையாகும் நிபந்தனை. ஓடும் நிரலிலோ மில்லிவினாடியில் ஓர் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். அது சிறிதானால், ஒப்புகை வழியில் இருக்கும்போதே செய்தி மறுபடியும் போகும். அதேபோல, ஒரே நேரத்தில் பல மாற்றங்கள் சாத்தியமாகும் இடத்தில் வரையறை எதையும் அனுமதிக்கும், நிரலோ பெரும்பாலும் முதலில் எழுதியதையே எடுக்கும். எதை எடுத்தது என்று ஒவ்வொரு முறையும் பதிவுக் கோப்பில் எழுதவையுங்கள்.

எனக்கு வைவாவில் அதிக நேரம் போனது செய்தி செல்லும் ஊடகத்தைப் பற்றிய கேள்வியில்தான். நம் விசைப்படகுகளில் இருக்கும் விஹெச்எஃப் வானொலி செட்டிலிருந்து கரைக்குப் படகின் இருப்பிடத்தைச் சொல்வதை எடுத்துக்காட்டாகக் கொண்டிருந்தேன். நேரடி வானொலியில் பேச்சு அறுந்துபோகலாம். பின்னால் சொன்னது முன்னால் போய்ச் சேராது. மாறுபிட் நெறிமுறையும் இந்த வரிசை மாறாமையையே நம்பியிருக்கிறது. முன்மாதிரியை, வரிசைக்கு உறுதி தராத இணைய நெறிமுறையான யூடிபி மேல் ஓட்டினால் அந்த உறுதி போய்விடும். 0 எண்ணிட்ட செய்தி அவசரப்பட்டு இருமுறை அனுப்பப்படுகிறது. ஒரு பிரதி வலையில் தங்கிவிடுகிறது. அதற்குள் 0-க்கு ஒப்புகை, 1, அதற்கும் ஒப்புகை முடிந்து, பெறுநர் அடுத்த 0-ஐ எதிர்பார்த்திருக்கும்போது அந்தப் பழைய பிரதி வந்தால், படகின் பழைய இருப்பிடம் புதியதாகப் பதிவாகிவிடும். ஒரே மடிக்கணினிக்குள் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. லினக்ஸில் வலையின் கோளாறுகளைப் போலியாக உண்டாக்கும் 'நெட்எம்' கொண்டு தாமதத்தையும் வரிசை மாற்றத்தையும் வேண்டுமென்றே புகுத்தி, கிடைத்த பதிவை அறிக்கையில் வரிவரியாகச் சேருங்கள்.

வரிசை எண்ணைப் பெரிதாக்கினால் தீருமா என்பது அடுத்த கேள்வியாக வரும். பழைய பாக்கெட் வலையில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம் என்ற வரம்பும் கூடவே வேண்டும் என்று சொல்லுங்கள். டிசிபி 32 பிட் வரிசை எண்ணோடு நிற்காமல், அந்த வரம்பை 2 நிமிடம் என்று எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.