சித்தப்பாவின் டிஸ்க் பெட்டி: ஒரு கோடைக் குறிப்பு

4 மே 2024, சனி

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கிவிட்டது. தஞ்சாவூரில் காலை பத்து மணிக்கே தெரு காலியாகிவிடுகிறது. அண்ணன் பிள்ளைகள் இருவரும் லீவுக்கு வந்திருக்கிறார்கள். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் ஆறாவது.

பரணில் இருந்த சித்தப்பாவின் அட்டைப்பெட்டிகளை இறக்கினோம். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் சிடி வாடகைக் கடை வைத்திருந்தார். 2007 வாக்கில் மோசர் பேயர் என்ற கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்க ஆரம்பித்ததும், வாடகைக்கு எடுத்தவர்கள் சொந்தமாகவே வாங்கினார்கள். கடையை மூடும்போது அவரும் அதையேதான் செய்தார்: பழைய படங்களாகப் பார்த்து வாங்கிச் சேர்த்தார். இப்போது கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன் செய்து கேட்டேன். “தாராளமா போட்டுப் பாரும்மா, ஆனா எடுத்த உறையிலேயே திரும்ப வை” என்றார்.

பிளேயர் ஓடுகிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகப் புது டிவியில் இடமே இல்லை. பின்பக்கம் ஒரு சின்னத் துளை மட்டும் இருக்கிறது. அதற்கென்று ஒரு இணைப்பு ஒயர் உண்டு, வாங்கி வந்தேன். படம் வந்துவிட்டது.

5 மே, ஞாயிறு

முதல் படம் ‘காதலிக்க நேரமில்லை’. 1964, ஸ்ரீதர் எடுத்தது, ஒளிப்பதிவு வின்சென்ட். பிள்ளைகளைப் பழைய படத்துக்குள் இழுக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

போட்டவுடன் பாலையா ரொம்பவே அகலமாக இருந்தார். சின்னவன் சிரித்தான், “தாத்தா ரொம்ப குண்டா இருக்காரே அத்தை” என்று. அகலம் படத்தில் இல்லை, டிவியில் இருந்தது. அந்தக் காலத்துப் படச் சட்டகத்தின் அகலமும் உயரமும் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. இடம் காலியாக இருக்கக் கூடாது என்று டிவி தானாகவே இழுத்துப் பரப்பிவிடுகிறது. ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, முகங்கள் முகங்களாயின. அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. “இவ்வளவு பெரிய டிவிய வாங்கிட்டு பாதிதான் பாக்கணுமா?” என்றார். காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் வந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி. அதைத் துணுக்காகப் போனில் பார்க்காத தமிழர் குறைவு. ஆனால் முழுப் படத்துக்குள் அது வரும்போது வேறு பலம். ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா பாலையாவிடம் பணம் கேட்டுக் கேட்டுத் தோற்பதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்த நமக்கு, அந்த மனிதருக்குக் கதை சொல்லவும் தெரியும் என்பது அங்கேதான் தெரிகிறது. பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுவதைப் பெரியவள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மறுபடி, மறுபடி. நான் தடுக்கவில்லை.

11 மே, சனி

‘அந்த நாள்’, 1954. எஸ். பாலச்சந்தர் இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. பாட்டே இல்லாத தமிழ்ப் படம், அதுவும் பாட்டுக்காகவே படம் ஓடிய காலத்தில். வீணை பாலச்சந்தர் என்று உலகம் கொண்டாடிய சங்கீதக்காரர்தான் இதைச் செய்தார்.

1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த நாள். துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுகிறார். கதாநாயகன் முதலிலேயே செத்துப்போகிறார்! சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு கதை. யார் சுட்டது என்று இங்கே எழுதமாட்டேன். எழுபது வருஷமான படமானாலும், பார்க்காதவருக்கு அது புதுப் படம்.

நடுவில் கரண்ட் போய்விட்டது. போனுக்கு இருக்கும் ஞாபகம் இந்தப் பிளேயருக்குக் கிடையாது, கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆனால் அந்த இருட்டு அரைமணி நேரம் வீணாகவில்லை. மாடியில் பாய் போட்டு உட்கார்ந்து யார் பொய் சொல்கிறார்கள் என்று எல்லோரும் வாதாடினோம். படத்தில் வரும் பக்கத்து வீட்டு சின்னையா மேல்தான் சின்னவனுக்குச் சந்தேகம். அம்மாவுக்கு விடை தெரியும். தியேட்டரில் பார்த்தவர். ஒரு வார்த்தை விடவில்லை! அம்மா இவ்வளவு கட்டுப்பாடாக இருந்து நான் பார்த்ததில்லை.

12 மே, ஞாயிறு

இன்று துடைக்கும் நாள். பெட்டியில் பாதி டிஸ்க்குகள் தூசி, சிலவற்றில் பூஞ்சை. மெல்லிய பருத்தித் துணி, கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது. பதிவு சுருளாகப் போகிறது. அதோடு சேர்ந்தே ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறையத் தகவல் போய்விடும். குறுக்கே விழும் சின்னக் கீறலை பிளேயர் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

இன்னொன்று பிள்ளைகளுக்குக் காட்டினேன். விசிடியில் பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைப்போம். உண்மையில் பதிவு இருப்பது படம் அச்சிட்ட பக்கத்துக்குக் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில். அந்தப் பக்கம் சுரண்டினால் படமே சுரண்டப்பட்டுவிடும். டிவிடியில் அப்படி இல்லை, இரண்டு தகடுகளுக்கு நடுவில் பதிவு பத்திரமாக இருக்கிறது. சித்தப்பா சில விசிடிகளின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எண் எழுதியிருக்கிறார். அவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன், முதலில் பார்த்துவிட வேண்டும்.

15 மே, புதன்

மழை. கோடை மழை என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை, இருந்தாலும் பிளேயரை வெளியே எடுக்க ஒரு சாக்கு. ‘மால்குடி டேஸ்’ இரண்டு கதைகள். ஆர்.கே. நாராயண் எழுத்து, சங்கர் நாக் இயக்கம். 1980களில் தூர்தர்ஷனில் வந்தது. கர்நாடகத்து ஆகும்பேயில் எடுத்தார்கள். அந்த ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூர் அக்ரகாரம் போலவே தெரிகின்றன. இந்தி வசனம் புரியவில்லை, நான் நடுநடுவே சொன்னேன். கதையில் வரும் சிறுவன் சுவாமியின் முகத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கிரிஷ் கர்னாட் அப்பாவாக வந்து நின்றாலே சின்னவனும் சேர்ந்து பயப்படுகிறான்.

முகப்பு இசை எல். வைத்தியநாதன். ‘ஏழாவது மனித’னில் பாரதி பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர். ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் மேல் அந்த ஹம்மிங் வரும்போது பெரியவள் கூடவே பாடுகிறாள். சங்கர் நாக் 1990இல் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு 35 வயதுதான். அந்த வயதுக்குள் இதைச் செய்து முடித்திருக்கிறார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

18 மே, சனி

இந்த விடுமுறையின் பெரிய படம். ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. பெரியப்பாவை அழைத்து வந்து ஈஸிசேரில் உட்கார வைத்தோம். கோயில் மேளம் கேட்டே வளர்ந்தவர், இந்தப் படத்தை அவர் இல்லாமல் பார்ப்பதில் அர்த்தமில்லை. விசிடி, மூன்று டிஸ்க். இரண்டு இரவாகப் பார்ப்பது என்று முடிவு. ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்தைத் தூக்கக் கலக்கத்தில் முடிக்கக் கூடாது.

ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் கொள்ளும். அதனால் எங்கே வெட்டு விழும் என்பது இயக்குநர் கையில் இல்லை, டிஸ்க்கின் கொள்ளளவில் இருக்கிறது. ஒரு வசனத்தின் நடுவிலேயே முதல் டிஸ்க் முடிந்துவிட்டது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஏ.பி. நாகராஜன் பார்த்துப் பார்த்துக் கோத்த காட்சி அது. மூலையில் கம்பெனி முத்திரை வேறு, படம் முழுக்க. பத்மினியின் முத்திரைகளைப் பார்க்க வேண்டிய இடத்தில் விற்றவனின் முத்திரை.

ஆனாலும் அழகர்மலையில் வாணச் சத்தத்துக்குக் கோபித்துக்கொண்டு சிவாஜி நாயனத்தை இறக்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று. பெரியப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். “விரலப் பாரு. கன்னத்தப் பாரு. வாசிக்கிறது சேதுராமன், பொன்னுசாமி. ஆனா இந்த ஆளு மூச்சு எங்க வாங்கணுமோ அங்க வாங்குறான்” என்றார். மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்புக்கு சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் வாயசைக்கவில்லை, உடம்பையே கொடுத்திருக்கிறார்கள். தியேட்டரில் நிறுத்திக் காட்ட முடியுமா? வீட்டில் டிஸ்க் வைத்துப் பார்ப்பதில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்: தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி, சொல்லித் தருவது.

19 மே, ஞாயிறு

மீதிப் படம். வைத்தியாக வரும் நாகேஷைப் பிள்ளைகள் வெறுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் பார்த்தார்கள். ஜில் ஜில் ரமாமணி வந்ததும் அம்மா அடுக்களையிலிருந்து வந்துவிட்டார். ‘நலந்தானா’ முடிந்ததும் பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல், “சுருதி தூக்கலா இருக்கே” என்றார்.

எனக்குக் காரணம் தெரியும், சொன்னேன். சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம். நம் ஊர் டிவி முறை நொடிக்கு 25. டிஸ்க்குக்கு மாற்றும்போது பலர் 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிஷம் காணாமல் போகும், சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். “அப்ப எல்லாரும் கொஞ்சம் வேகமா நடக்குறாங்கன்னு சொல்லு” என்றார் பெரியப்பா. ஆமாம், பத்மினி கொஞ்சம் வேகமாக ஆடுகிறார். பாலையா தவிலில் கொஞ்சம் வேகமாகத் தட்டுகிறார்.

21 மே, செவ்வாய்

சிங்கப்பூர் அத்தை பல வருஷம் முன்னால் கொண்டுவந்த டிவிடி ஒன்று பெட்டியின் அடியில் கிடைத்தது. அதே படம். அது அமெரிக்க டிவி முறையில் பதிந்தது. அங்கே 24ஐ வேகம் கூட்டாமலே, சில பிரேம்களை இருமுறை காட்டி நிரப்பிக்கொள்வார்கள். பெரியப்பா சுருதிப் பெட்டியோடு வந்தார். விசிடியில் ‘நலந்தானா’, அப்புறம் டிவிடியில் ‘நலந்தானா’. டிவிடியில் சுருதி இறங்கியது, சுசீலாவின் குரலுக்குக் கொஞ்சம் கனம் வந்தது. “இதான்” என்றார். தியேட்டரில் கேட்டது இதுதானாம்.

டிவிடியின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருகிறது. அதைத் தாண்டிவிடாதீர்கள். அதில் படத்தின் நீளம் இருக்கும். மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுத்தாலும் அடியில் இருந்தால் 90ஆல் வகுத்தாலும் எத்தனை நிமிஷம் என்று வந்துவிடும். நம் கையில் இருக்கும் பிரதி அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் யாரோ கத்தரி போட்டிருக்கிறார்கள். பெரியவள் இப்போது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். வேகக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதா’ஸுக்கு இப்படி அளந்து பார்க்கப் பிரதியே இல்லை. இருப்பதையாவது முழுசாக வைத்துக்கொள்ள வேண்டாமா என்று அவளிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, பேனாவால் எழுதிய விசிடிகளை எப்போது ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றப் போகிறோம் என்று கேட்டாள்.

25 மே, சனி

ஏற்ற ஆரம்பித்தாயிற்று. பேனா எழுத்து ஆழமாகப் பதிந்த இரண்டு டிஸ்க்குகள் பாதியில் நின்றுவிட்டன. மற்றவை நல்லபடியாக வந்தன. சித்தப்பாவிடம் சொன்னேன். நின்றுபோன இரண்டின் பெயரையும் கேட்டுக்கொண்டார், கோயம்புத்தூரில் பழைய கடைக்காரர் ஒருவரைத் தெரியுமாம், விசாரிக்கிறேன் என்றார்.

பிள்ளைகள் அடுத்த ஞாயிறு கிளம்புகிறார்கள். அதற்கு முன்னால் ‘அந்த நா’ளை மறுபடி போட வேண்டும் என்று சின்னவன் கேட்கிறான். இப்போது யார் சுட்டது என்று தெரியும், அதனால் அந்த முகத்தை மட்டும் முதலிலிருந்து கவனிக்கப் போகிறானாம்.