நூலில் கட்டிய பேனா

கிருஷ்ணகிரிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. இதற்குள் என் பேனாக்கள் 11 பக்கத்து மேசை சாரின் சட்டைப்பைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. எடுப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், மூடியைக் கடித்துக் குதறித் திருப்பித் தருகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போனில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். அவர் சம்பந்தி வீட்டுச் சண்டை எங்கள் பிரிவுக்கே மனப்பாடம்.

கோப்பில் மாவட்டத்தின் பெயரை எழுதினால் போதும், "தர்மபுரியிலிருந்து 2004இல் பிரிந்ததுதானே தம்பி, நேற்றுப் பிறந்த பிள்ளை" என்று தொடங்கிவிடுவார். நேற்று வாய் சும்மா இருக்கவில்லை. "தர்மபுரியே 1965இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதானே சார்" என்றேன். அறையே அமைதியாகிவிட்டது. "பரவாயில்லையே, விவரமான பையன்" என்றபடி என் தேநீரை எடுத்துக் குடித்தார்.

கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. மாம்பழக் காலத்தில் தோப்பிலிருந்து கொண்டுவந்த கூடையை முதலில் என் மேசையில்தான் இறக்கினார். (இரண்டு பழம் அழுகல். அது வேறு கதை.)

இன்று காலை, வங்கியில் கட்டியிருப்பார்களே, அதுபோல ஒரு பேனாவை நூலால் மேசைக்காலோடு முடிச்சிட்டு வைத்தேன். சார் வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

பதினோரு மணிக்குக் குரல் வந்தது: "தம்பி, கத்தரிக்கோல் இருக்கிறதா?"