நெரூடா இருந்த வெள்ளவத்தை

பின்னேரங்களில் காலி வீதியை விட்டிறங்கி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவது என் வழக்கம். காற்று பலமாக இருந்தால் பாறையில் மோதித் தெறிக்கும் உப்புத் தண்ணீர் மூக்குக் கண்ணாடியில் வெள்ளையாகக் காய்ந்துவிடும்.

1929-இல், 25 வயதுகூட நிறையாத கவிஞர் பாப்லோ நெரூடா தன் நாடான சிலியின் கொன்சலாக, அதாவது தூதரகப் பிரதிநிதியாக, வந்து குடியிருந்தது கொழும்பின் இந்த வெள்ளவத்தைக் கரையோரத்தில்தான். அதற்கு முன் ரங்கூன், பிறகு பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா). வேலையும் சம்பளமும் சொற்பம், துணைக்கு ஒரு கீரிப்பிள்ளை, கண்முன்னே கடல். கடும் தனிமையில் எழுதிய கவிதைகளும் பின்னால் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தன.

சரி, இதோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியாது. நெரூடா இறந்த பிறகு 1974-இல் வெளிவந்த நினைவுக்குறிப்புகளில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீட்டின் கழிப்பறை வாளியை எடுத்துப்போக ஒரு பெண் தினமும் வருவார், தமிழ்ப் பெண், ஒதுக்கப்பட்ட சாதி. ஒரு நாள் காலை அவருடைய கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப்போனதை நெரூடாவே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் கடைசிவரை கண்ணை மூடவே இல்லையாம். அதற்கு வன்புணர்வு என்றுதான் பெயர், வேறு சொல் கிடையாது. பக்கம் பக்கமாக எழுதியவர் அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் தண்டவாளத்தைத் தாண்டும்போது நெரூடாவின் வீடு நினைவுக்கு வருவதில்லை. வாளியோடு அந்தப் பெண் தினமும் நடந்துபோன பாதை எதுவாக இருக்கும் என்றுதான் கண் தேடுகிறது.