யார் வரவில்லை

சிங்கப்பூர் ராணுவத்தில் என் நாள் ஒரு எண்ணோடுதான் தொடங்கும். காலை அணிவகுப்பில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் எம்சி (மருத்துவ விடுப்பு), எத்தனை பேர் லீவு, எத்தனை பேர் வேறு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தால் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று இடித்தாலும் யாரும் கலைய முடியாது. 1986இல் கட்டாயத் தேசிய சேவைக்குப் போய், அங்கேயே சைன் ஆன் செய்து, அதாவது அதையே முழுநேர வேலையாக்கிக்கொண்டு, 2016 வரை இந்தக் கணக்கைப் பார்த்தேன். கடைசி ஆண்டுகள் தெக்கோங் தீவில், புதிதாக வரும் பையன்களோடு கழிந்தன. அவர்களுக்கு நான் ‘என்சிக்’, வாரண்ட் அதிகாரியை அழைக்கும் மரியாதைச் சொல். இன்று ஒரு தமிழ்ச் சபையில் பாஸ்டர்.

“துப்பாக்கியை வைத்துவிட்டு வேதாகமத்தை எடுத்தீர்களே” என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றியதே இல்லை. நான் எடுத்தது தாத்தாவின் நோட்டை.

தாத்தா நாசரேத்துக்காரர், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத். அவருடைய அப்பா அங்கே ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியார். ஐயர், அதாவது குருவானவர், எப்போதாவது வந்துபோகும் ஊரில் தினமும் மணியடித்து ஜெபம் நடத்தியவர். தாத்தா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் வேலைக்கு வந்தார். தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறைய. ஞாயிறு மாலையானால் அவருடைய குவார்ட்டர்ஸில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடக்கும். பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது, யாரும் அவரை நியமிக்கவும் இல்லை. நீல அட்டை நோட்டு ஒன்றுதான் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பக்கம்: பெயர்கள், ஊர், பிள்ளைகள் ஞானஸ்நானம் எடுத்த நாள், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் சிதறின. அந்தப் பக்கங்களில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ஊருக்கு’, ‘தோ பாயோ’, ‘ஜோகூர்’ என்று எழுதியிருக்கிறார். இறந்தவர்களுக்கு ஒரு சின்னச் சிலுவை. ஒரு பெயரைக்கூட அடிக்கவில்லை.

ராணுவத்தில் அடித்துவிடுவோம். ஒருவன் வேறு முகாமுக்கு மாறினால் ‘ஸ்ட்ரக் ஆஃப் ஸ்ட்ரெங்த்’, நாளைய கணக்கில் அவன் இல்லை. அதில் தப்பில்லை, சாப்பாடும் படுக்கையும் ஆயுதமும் அந்த எண்ணை வைத்துத்தான் நடக்கின்றன. ஆனால் தெக்கோங்கில் ஒரு இரவு அந்த எண் என்னை உலுக்கியது. கணக்கு சரியாக இருந்தது, ஒரு பையன் மட்டும் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி இறந்து அடக்கத்துக்குப் போய்த் திரும்பியிருந்தான். பட்டியலில் இருந்தான், ஆள் அங்கே இல்லை. பாட்டிதான் அவனை வளர்த்தவர். அவன் இந்து. சீருடையில் இருப்பவன் தன் மதத்தைப் பேசக்கூடாது, அது சரியான முறை என்றே இன்றும் நினைக்கிறேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, “பாட்டி ரசம் வைப்பாங்க, என்சிக்” என்றான். அந்த வாரம் புக் அவுட் ஆகி வீட்டுக்குப் போனதும் நோட்டைத் தேடி எடுத்தேன்.

நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்த உவமையைச் சிறுவயதிலிருந்து கேட்கிறேன். தேடிப் போனதைத்தான் எல்லோரும் பிரசங்கிப்பார்கள். அதற்கு முன்னால் அந்த மேய்ப்பன் எண்ணியிருக்கிறான், இல்லையென்றால் ஒன்று குறைவது எப்படித் தெரியும்?

ஊழியத்துக்குப் போவதா என்று இரண்டு ஆண்டு தயங்கினேன். ஒருநாள் மனைவியே சொன்னாள்: “அந்த நோட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க. போய்ப் படிங்க.” அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. சம்பளம் குறையும் என்பதால் என்று நினைத்தேன். அவர் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, “தளத்துல இருந்த எல்லா வீட்டுப் பிள்ளைங்க பேரும் இருக்கு. எங்க பேரு எங்கடா?” என்றார். தேடினேன், இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா இல்லாமல் வளர்ந்த ஒரு பையன் எழுபத்தைந்து வயதில் என்னிடம் கேட்ட கேள்வி அது. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. நான் வாங்கிய புது நோட்டில் முதல் பக்கம் எங்கள் வீடு. அப்பாவின் பெயர்தான் முதல் வரி.

இறையியல் படிப்பு 2019இல் முடிந்தது. ஊழியத்தின் முதல் மாதங்களில் பெரிய தவறு ஒன்று செய்தேன். மூன்று வாரம் வராத ஒரு அக்காவுக்குப் போன் போட்டு, “ஏன் வரல? மூணு வாரம் ஆச்சு” என்றேன். முகாமில் கேட்கும் அதே குரல். அவர் முழங்கால் வலியோடு படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனபோது, “நீங்க கணக்குக் கேட்டீங்க பாஸ்டர், என்னைக் கேக்கல” என்றார். அந்த வார்த்தை எனக்கு வேண்டியதாக இருந்தது.

2020 ஏப்ரலில் கொரோனாவால் எல்லாம் மூடியது. சபைக்கு வரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளுக்குள் முடங்கினார்கள். நோட்டைத் திறந்து வைத்து நாளுக்குப் பத்துப் பேரை அழைத்தேன். “சாப்பிட்டீங்களா தம்பி, பக்கத்துக் கட்டில்ல யாரு?” என்றுதான் ஆரம்பிப்பேன். பிறகு ஜெபம் கேட்டால் ஜெபிப்பேன். சிலர் கேட்கவில்லை, பேசத்தான் ஆள் வேண்டியிருந்தது. அப்படி ஒரு தம்பி, கப்பல் பட்டறையில் வெல்டர், தினமும் ராத்திரி ஒன்பதுக்குத் தானே மிஸ்டு கால் கொடுப்பார். நான் திருப்பி அழைப்பேன். மகள் பிறந்த செய்தியை அப்படித்தான் சொன்னார்.

அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிரவு அவருடைய பக்கத்தைத் திறந்தேன். பென்சிலைச் சீவி, பெயருக்குப் பக்கத்தில் ‘அறந்தாங்கி’ என்று எழுதினேன்.